ஆன்டி ஆக்ஸிடன்ட்: எதிரியா, தடுப்பியா?

திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையின் தலைப்பு இது: ‘மூலிகைச் சாறுகளிலும் கடற்பாசிச் சாறுகளிலும் உள்ள பிராணவாயு எதிரிகளும் ஆன்டிபயாடிக் சத்துகளும்.’ ஆங்கில மூலத்தைப் பார்க்காமலே, ‘பிராணவாயு எதிரி’ ஆன்டி ஆக்ஸிடன்டுக்கு ஈடாக வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். மொழிபெயர்த்தவர் சோம்பேறி அல்ல, அகராதியைப் புரட்டித்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் பிராணவாயுவுக்கே எதிரியாக ஒரு பொருள் இருந்தால், அதை நம்பி யார் வாயில் போடுவார்கள்?

சிக்கல் தமிழில் தொடங்கவில்லை. ஆக்சிஜன் என்ற பெயரே ஒரு தவறான ஊகத்தில் பிறந்தது. 1777இல் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர், எல்லா அமிலத்துக்கும் புளிப்பைத் தருவது இந்த வாயுதான் என்று முடிவு கட்டி, புளிப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு ‘பிறப்பிப்பது’ என்ற சொல்லைச் சேர்த்துப் பெயர் வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் பெயருக்குக்கூட இல்லை. 1810இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி குளோரின் ஒரு தனிமமே என்று காட்டியதும் லவாய்சியரின் கருத்து சரிந்தது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தமிழின் பிராணவாயுவும் உயிர்வளியும் புளிப்பை விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டன. அதனால்தான் அவற்றின் பின்னால் ‘எதிரி’யை ஒட்டியதும் தலைப்பு கொலைக்குற்றம் போல ஒலிக்கிறது.

ஆன்டி ஆக்ஸிடன்ட் தடுப்பது ஆக்சிஜனை அல்ல, ஆக்சிஜனேற்றத்தை. இலங்கைப் பாடநூல்களில் இதுவே ஒட்சியேற்றம். ஒரு பொருளோடு ஆக்சிஜன் சேர்வதைத்தான் முதலில் இப்படிச் சொன்னார்கள், இரும்பு துருப்பிடிப்பதைப் போல. பின்னர் வேதியியல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்து, எலக்ட்ரானை இழப்பதுதான் ஆக்சிஜனேற்றம் என்று வரையறுத்தது. விளைவு, கையில் இருப்பதை இழப்பதற்கு ‘ஏற்றம்’ என்று பெயர், புதிதாகப் பெறுவதற்கு ‘ஒடுக்கம்’ என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் இந்த இடத்தில் தலையைச் சொறிவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தலைமுறைகளாகப் பழகிவிட்ட சொல்லை இனி மாற்றப் போவதில்லை, மாற்றவும் வேண்டாம்.

‘ஆன்டி’ வந்து ஒட்டிக்கொண்ட கதை ஆரோக்கியத்துக்கும் மூலிகைக்கும் வெகு தொலைவில் நடந்தது. முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை அக்ரோலின் என்ற திரவத்தைக் கண்ணீர்ப்புகை ஆயுதமாகப் பயன்படுத்தப் பார்த்தது. அதை நிரப்பி வைத்தால் போதும், காற்றுப் பட்டுக் கெட்டு, ஒன்றுக்கும் உதவாத கெட்டிப்பொருளாகிவிடும். ஷார்ல் மூரோ, ஷார்ல் துஃப்ரேஸ் என்ற இரு வேதியியலாளர்கள் அதில் ஹைட்ரோகுவினோன் போன்ற, கார்பன் அணுக்களின் வளையம் கொண்ட ஃபீனால் சேர்மத்தைத் துளியளவு கலந்தார்கள். கெடுவது நின்றது. இத்தகைய பொருள்களுக்கு 1922இல் அவர்கள் வைத்த பெயர் ‘ஆன்டிஆக்சிஜென்’. ரப்பரில் வெடிப்பு விழாமலும் பெட்ரோலில் பிசின் படியாமலும் காக்கும் சரக்குகளும் இதே குடும்பம். இன்று பழச்சாற்றுப் புட்டியில் பெருமையாக அச்சிடும் சொல்லின் மூதாதை ஒரு கண்ணீர்க்குண்டின் கூட்டாளி!

துளியளவு எப்படிப் போதுமாயிற்று என்பதில்தான் தமிழ்ச் சொல்லுக்கான விடையும் இருக்கிறது. எண்ணெய் காறிப்போவதை எடுத்துக்கொள்ளுங்கள். கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஒரு ஹைட்ரஜன் அணுவை இழந்து, ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானோடு நிற்கிறது. அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கிறது. இப்படியே சங்கிலியாக ஓடும். நடுவில் ஒரு ஃபீனால் மூலக்கூறு வந்து தன் ஹைட்ரஜனைத் தானே கொடுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். கொடுத்த மூலக்கூறும் ஒற்றை எலக்ட்ரானோடுதான் நிற்கும், ஆனால் அந்த எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவிவிடுவதால் அதற்கு இன்னொன்றைப் பறிக்கும் வேகம் இருக்காது. வைட்டமின் இ கொழுப்புக்குள் செய்வதும் இதுவே.

ஒற்றை எலக்ட்ரானோடு அலையும் இந்தத் துண்டுக்குத் தமிழ்நாட்டுப் புத்தகங்களில் ‘தனி உறுப்பு’ என்று பெயர். கேட்டால் கையோ காலோ தனியாகக் கிடப்பதுபோல் தோன்றும். இலங்கையில் ‘சுயாதீன மூலிகம்’ என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். ஆங்கிலச் சொல் லத்தீனில் வேரைக் குறிப்பதிலிருந்து வந்தது, மூலிகமும் மூலத்திலிருந்து வந்தது. அதே மூலத்தில் கிளைத்ததுதான் மூலிகையும். மூலிகையை வைத்து மூலிகத்தை அடக்குவது என்று எழுதினால் சிலேடை தானாகவே வந்து விழுகிறது.

இனி சொல்லுக்கு வருவோம். ‘எதிர் ஆக்சிஜனேற்றி’ என்று பல இடங்களில் பார்க்கிறேன். ஆக்சிஜனேற்றி என்றால் மற்றொன்றை ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். அதன் முன்னால் ‘எதிர்’ போட்டால், எதிர்த்திசையில் வேலை செய்யும் ஆக்சிஜனேற்றி என்றும் படிக்கலாம். தமிழில் எதிர் என்பது பகையை மட்டும் குறிப்பதில்லை. எதிர்காலம், எதிர்வீடு, எதிர்கொள்ளல் எல்லாவற்றிலும் இருப்பது அந்த எதிர்தான். ‘ஆக்சிசனேற்ற எதிர்ப்பொருள்’ கொஞ்சம் தேவலை, ஆனால் நடப்பது எதிர்ப்பு அல்ல. தன்னையே கொடுத்து ஓட்டத்தை நிறுத்துவது. அதனால் நான் கையாள்வது ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பி’. ஒரு நிகழ்வைத் தடுக்கிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது, ஆக்சிஜன் மீதும் பழி விழவில்லை. பேச்சில் ஆன்டி ஆக்ஸிடன்ட் என்றே சொல்லிவிட்டுப் போகலாம், அதில் குற்றமில்லை. கூடாதது, அதன் பின்னால் ‘சத்து’ என்று ஒட்டுவது. புரதம்போல உடம்பு சேர்த்துக்கொள்ளும் ஒரு பொருளின் பெயர் அல்ல அது, ஒரு குணத்தின் பெயர். வைட்டமின் சி, குவர்செட்டின், கடலில் கிடைக்கும் அஸ்டாக்சாந்தின் என வடிவத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டாத மூலக்கூறுகளுக்கு அந்தக் குணம் இருக்கிறது.

குணத்தை அளக்கும் விதத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளியும். ஆய்வகங்களில் அதிகம் செய்வது டிபிபிஎச் சோதனை. டிபிபிஎச் என்பது ஓரளவு நிலையான ஒரு மூலிகம். மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த கத்தரிப்பூ நிறம். அதில் சோதிக்க வேண்டிய சாற்றைச் சில அளவுகளில் சேர்த்து, வழக்கமாக அரைமணி நேரம் இருட்டில் வைப்பார்கள். சாற்றில் ஹைட்ரஜன் கொடுக்கும் மூலக்கூறுகள் இருந்தால் நிறம் வெளிறி வெளிறி மஞ்சளாகிவிடும். 517 நானோமீட்டர் ஒளியில் எவ்வளவு வெளிறியது என்று கருவி சொல்லும். நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டதோ அதுதான் முடிவாகத் தரும் எண். எண் சிறியதாக இருந்தால் சாறு வலியது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு ‘அதிக மதிப்பைப் பெற்ற செடி’யைக் கொண்டாடும் செய்திகளும் வருகின்றன. மஞ்சளின் குர்குமின் போலத் தானே நிறமுள்ள பொருள் என்றால் கருவிக்கே குழப்பம், அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட வேண்டும்.

கவனியுங்கள், இந்தச் சோதனைக்கு ஆக்சிஜன் தேவையே இல்லை. குழாயில் நடப்பது மூலிகத்தை அகற்றுவது மட்டும். அது மனித உடம்புக்குள்ளும் நடக்கும் என்று இந்தக் கத்தரிப்பூ நிறம் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. 1994இல் வெளியான ஃபின்லாந்து ஆய்வில் 29,133 ஆண் புகைபிடிப்பவர்கள் பங்கேற்றார்கள். பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது. குறையும் என்று எதிர்பார்த்துத்தான் அதைக் கொடுத்தார்கள். அமெரிக்க வேளாண் துறையும் உணவுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறன் பட்டியலை 2012இல் விலக்கிக்கொண்டது.

தலைப்பின் அடுத்த தவறு ‘ஆன்டிபயாடிக்’. மூலத்தில் இருந்தது அநேகமாக ‘ஆன்டி பாக்டீரியல்’. இரண்டும் ஒன்றல்ல. 1940களில் நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன் ஆன்டிபயாடிக் என்ற சொல்லை நிலைநிறுத்தியபோது, ஒரு நுண்ணுயிர் உண்டாக்கி இன்னொரு நுண்ணுயிரை அடக்கும் பொருளைத்தான் அப்படிச் சொன்னார். பென்சிலின் பூஞ்சையிலிருந்து வந்தது, அதனால் பொருந்தும். பூண்டின் அல்லிசின் பாக்டீரியாவை அடக்கும், ஆனால் பூண்டு நுண்ணுயிர் அல்லவே. செடிச்சாறுகளுக்கு ‘பாக்டீரியா எதிர்ப்புத் திறன்’ என்று எழுதுவதே முறை. பாக்டீரியா என்றால் கிரேக்கத்தில் சிறு கோல் என்று பொருள். அதை வைத்துக் ‘கோலுயிரி’ என்று எழுதுபவர்களும் உண்டு. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் உருண்டையான பாக்டீரியாவைக் கண்டதும் தடுமாறும்.

இந்த இடத்தில் மட்டும் நான் ‘எதிர்ப்பு’க்கு இடம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. சில பொருள்கள் பாக்டீரியாவைக் கொல்லும், சில அது பெருகாமல் நிறுத்தி வைக்கும், பொருள் விலகியதும் பாக்டீரியா மறுபடி வளரும். முன்னது பாக்டீரியா கொல்லி, பின்னது பாக்டீரியா தடுப்பி. எது என்று தெரியாதவரை பொதுச்சொல்தான் நேர்மை. வழக்கமாகச் செய்யும் தாள்வட்டுச் சோதனை அதைச் சொல்லாது. அகார் என்ற கூழ் நிரப்பிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாறு தோய்த்த 6 மில்லிமீட்டர் தாள்வட்டு ஒன்றை வைத்து, ஓர் இரவு கதகதப்பில் விட்டால், மறுநாள் வட்டைச் சுற்றி வளர்ச்சியற்ற தெளிந்த வளையம் தெரியும். குறுக்களவை வட்டோடு சேர்த்துத்தான் அளப்பார்கள். ஆகவே அட்டவணையில் 6 மி.மீ. என்று போட்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய்ப்பசை உள்ள மூலக்கூறுகள் நீர்த்தன்மையான அகாரில் நகராது, அதனால் வளையம் சிறிது என்பதாலேயே சாறு பலவீனம் என்றும் சொல்ல முடியாது. அட்டவணையில் ‘கிராம் நெகட்டிவ்’ என்று வருவது எடை அல்ல, 1884இல் சாயமேற்றும் முறையை வெளியிட்ட ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராமின் பெயர். அந்த வகைப் பாக்டீரியாவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் செடிச்சாறுகள் பெரும்பாலும் அங்கே திணறும்.

‘சாறு’ என்ற சொல்லையும் அப்படியே விட மனம் வரவில்லை. பிழிந்தால் வருவது சாறு, ஊறவைத்தால் ஊறல், கொதிக்கவைத்து வற்றவைத்தால் சித்த மருத்துவ வழக்கில் குடிநீர். ஆய்வகத்தில் கிடைப்பது இவற்றில் எதுவுமில்லை. உலர்ந்த பொடியைக் கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் அடியில் தங்கும் பிசுபிசுப்பு அது. ‘சாரம்’ என்று எழுதலாம் என்றால் நவச்சாரம் குறுக்கே வருகிறது. பாடநூல்களில் இதற்குச் ‘சாறு இறக்குதல்’ என்று ஒரு வழக்கு உண்டு. தைலம் இறக்குவதுபோல என்று எடுத்துக்கொண்டால் வேலையின் தன்மை கண்ணுக்குத் தெரிகிறது. கரைப்பானின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் முழுமை. ஹெக்சேன் கொழுப்புகளை இறக்கும், மெத்தனால் ஃபீனால்களை இறக்கும், நீர் பழுப்புப்பாசியின் ஃப்யூகோய்டான் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளை இறக்கும். ஒரே செடிதான், மூன்று வேறு சரக்கு.

கடைசியில் அந்தக் கடற்பாசி. கட்டுரைக்குள் போய்ப் பார்த்தால் பாதி இடங்களில் பேசப்படுவது பாசி அல்ல, ஸ்பாஞ்ச், அதாவது கடற்பஞ்சு. முன்னது ஒளியில் உணவு தயாரிப்பது, பின்னது நீரை வடிகட்டித் தின்னும் விலங்கு. போதாததற்கு அகாரையே கடற்பாசி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அகார் செம்பாசியிலிருந்து எடுப்பது, அதனால் பாசிச் சாற்றின் வலிமையைப் பாசியாலேயே ஆன மெத்தையில்தான் சோதிக்கிறார்கள்.

கடல் மேற்பரப்பு நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய பத்து லட்சம் பாக்டீரியா இருக்கும். ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும் உயிருக்கு ஓடவும் முடியாது, உதறவும் முடியாது. டெலிசியா புல்க்ரா என்ற செம்பாசி இதற்குக் கண்ட வழி வினோதமானது. அது உண்டாக்கும் ஃபியூரனோன் என்ற சேர்மங்கள் பாக்டீரியா தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் சமிக்ஞையைக் குழப்பிவிடுகின்றன. அவை கூடிப் படலமாகப் படிவதற்கு அது இடைஞ்சல். இதைக் கொல்லி என்பதா, தடுப்பி என்பதா? பொதுச்சொல்லை விட்டுக்கொடுக்காமல் இருந்தது நல்லதாயிற்று.

கடற்பஞ்சுகளிலிருந்து எடுத்த பல சேர்மங்களை உண்மையில் தயாரிப்பது அவற்றின் உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா என்பது பின்னர் தெரியவந்தது. அப்படியானால் வாக்ஸ்மனின் வரையறைப்படி அது ஆன்டிபயாடிக்கே! 1945இல் இத்தாலிய ஆய்வாளர் ஜூசெப்பே ப்ரோட்சு சார்டினியாத் தீவின் கால்யாரி கடற்கரையில், கழிவுநீர் கலக்கும் இடத்திலிருந்து எடுத்த பூஞ்சையும் இப்படித்தான். அதிலிருந்து வந்த செஃபலோஸ்போரின் மருந்துகளை ஆன்டிபயாடிக் என்று கூசாமல் எழுதலாம். தலைப்பிலிருந்து நான் அடித்த சொல், கடல்வழியாகக் கட்டுரையின் ஏழாம் பக்கத்துக்குத் திரும்பி வந்தது. அங்கே அதை அடிக்காமல் விட்டேன்.

திருப்பி அனுப்பிய தலைப்பு: ‘மூலிகைகள், கடற்பாசிகள், கடற்பஞ்சுகள் ஆகியவற்றிலிருந்து மெத்தனாலில் இறக்கிய சாறுகளின் ஆக்சிஜனேற்றத் தடுப்புத் திறனும் பாக்டீரியா எதிர்ப்புத் திறனும்.’ மெத்தனாலுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். கட்டுரையில் கரைப்பான் பெயர் எங்குமே இல்லை.