கருவி எண்ணுவது உயிரையா, நிழலையா?

வலையில் அள்ளிய பிளாங்டனை, அதாவது கடல்நீரில் மிதந்து திரியும் சிற்றுயிர்களை, ஃபார்மலினில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்து, மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ணுவது எங்கள் தொழிலின் பழைய வழி. ஒரு பயணத்தின் புட்டிகளை முடிக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் கப்பலிலேயே எண்ணிக்கை சொல்லும் மின்னணுக் கருவி என்றதும் எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். ஆசைப்படுவது சரிதான். ஆனால் கருவி எதை எண்ணுகிறது என்று தெரியாமல் அந்த எண்ணை அறிக்கையில் ஏற்றக் கூடாது.

கனடாவின் பெட்ஃபோர்ட் கடலாய்வு நிலையத்தில் அலெக்ஸ் ஹெர்மன் உருவாக்கிய ஒளிவழிப் பிளாங்டன் எண்ணியைப் பாருங்கள். கப்பல் இழுத்துச் செல்லும்போது நீர் அதற்குள் புகுந்து ஒரு மெல்லிய ஒளித்திரையைக் கடக்கும். துகள் ஒன்று ஒளியை மறைத்ததும் உணரியின் மின்சைகை சட்டென்று இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்து, ஏறத்தாழ கால் மில்லிமீட்டர் முதல் 14 மில்லிமீட்டர் வரை துகளின் அளவைக் கணக்கிடுவார்கள். அதற்குத் தெரிவது நிழல் மட்டுமே. கோப்பிபோடு என்ற சிறு இறால்வகை உயிரி கடந்தாலும் செத்த பாசித் திரள் கடந்தாலும் பதிவு ஒன்றுதான். இரண்டு உயிரிகள் ஒட்டினாற்போல் போனால் ஒரே பெரிய உயிரி ஆகிவிடும். கண்ணாடி போன்ற ஜெல்லி உயிரிகளோ உள்ளதைவிடச் சிறிதாகத் தெரியும். வலையிலும் குறை உண்டு. அந்த ஜெல்லி உயிரிகள் அதில் சிதைந்தே போகும். எனவே கருவியும் வலையும் சேர்ந்தே கடலில் இறங்க வேண்டும்.

படமெடுக்கும் கருவிகளின் அருமை இங்கேதான் புரியும். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் உருவான இமேஜிங் ஃப்ளோசைட்டோபாட், லேசர் பட்டுப் பச்சையம் ஒளிர்ந்ததும் அந்தச் செல்லைப் படமெடுத்துவிடும். 2008இல் டெக்சஸின் போர்ட் அரன்சாஸில் அது எடுத்த படங்களில் டைனோஃபைசிஸ் பெருகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அது ஐம்பது மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, அளவுள்ள பாசி. ஹெர்மனின் கருவிக்குக் கண்ணிலேயே படாது. அதை உண்ட சிப்பிகளில் ஒகடாயிக் அமிலம் சேரும். வேகவைத்தாலும் போகாத நஞ்சு அது. தின்றவருக்கு வயிற்றுப்போக்கு வரலாம். பக்கத்தில் சிப்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. சிப்பி அறுவடையை நிறுத்தினார்கள், சந்தைக்குப் போனதையும் திரும்பப் பெற்றார்கள். யாரும் நோயுற்றதாகப் பதிவில்லை.

ஆகவே யாராவது பிளாங்டன் எண்ணிக்கையை நீட்டினால் மூன்றைக் கேளுங்கள்: கருவி காணக்கூடிய மிகச் சிறிய அளவு என்ன, எத்தனை லிட்டர் நீர் அதன் வழியே போனது, அதே இடத்து மாதிரி ஒரு புட்டியாவது எடுத்து வைத்திருக்கிறார்களா.