தம் கட்டினால் தலை ஏன் சுற்றுகிறது?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் பஸ் ஏறினால் பர்லியாறு பக்கத்தில் காது அடைக்கும். மூக்கைப் பொத்தி, வாயை மூடிக்கொண்டு ஊதினால் ‘டப்’பென்று திறந்துகொள்ளும். காதைப் பற்றி 1704-ல் எழுதிய நூலில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூறு அறிஞர் வல்சால்வாவின் பெயரே இந்த உத்திக்கு நிலைத்துவிட்டது. ஊட்டி அருகே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான முத்தநாடு மந்தில், அவர்களின் மொற்பர்த் பண்டிகையன்று இளவட்டக்கல் தூக்கும் தோடர் இளைஞரும், ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை ஏற்றுபவரும், ஜிம்மில் தரையிலிருந்து எடைக்கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட் போடுபவரும் செய்வது ஏறக்குறைய இதே காரியம்தான். நம் பேச்சில் அதற்குப் பெயர் தம் கட்டுவது.

தம் கட்டுவது கெட்ட பழக்கம் அல்ல. காற்றை அடைத்து வயிற்றை இறுக்கினால் முதுகெலும்புக்கு முட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். தூக்க முடிந்த உச்ச எடையில் 80 சதவீதத்தைத் தாண்டினால், வேண்டாம் என்றாலும் மூச்சு தானாக அடைபடும்.

சிக்கல் ரத்த ஓட்டத்தில்தான். தம் கட்டியதும் நெஞ்சுக்குள் ஏறும் அழுத்தம் பெருந்தமனியையும் சேர்த்து நெருக்கும். இறுகிய தசைகள் ரத்தக்குழாய்களை நசுக்கும். 1985-ல் கனடாவில், கைத் தமனிக்குள் குழாய் செருகி, இரு காலாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்யவைத்து ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐயும் தாண்டியது. நமக்கு வழக்கமாக இருப்பது 120/80.

நாலைந்து விநாடி பிடித்தால் கதை திரும்பும். சுவர் மெல்லிய பெருஞ்சிரைகள் நசுங்கி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். கம்பியைக் கீழே வைத்து ‘உஸ்’ என்று மூச்சை விட்ட கணம்தான் மோசமானது. நெஞ்சழுத்தம் சட்டென மறைய, காலியாகக் கிடந்த நுரையீரல் ரத்தக்குழாய்கள் முதலில் ரத்தத்தை வாங்கிக்கொள்ளும். தளர்ந்த தொடைத் தசைகளும் தம் பங்கை இழுக்கும். ரத்த அழுத்தம் சரிந்து, சில விநாடி மூளைக்குப் பற்றாமல் போகும். விழிக்குள் எப்போதும் 15 மி.மீ. பாதரச அளவுக்கு அழுத்தம் இருப்பதால் விழித்திரைக்குத்தான் ரத்தம் முதலில் தட்டுப்பாடாகும். மயக்கத்துக்கு முன்பே கண்ணில் பூச்சி பறப்பதும் இருட்டுவதும் இதனால்தான்.

மலையில் இன்னொரு கணக்கு சேரும். உதகை 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையின் 760 மி.மீ.க்குப் பதில் சுமார் 580. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் முக்கால் பங்குதான். கீழிருந்து வந்தவர் தன்னையறியாமல் வேகமாக மூச்சு விடுவார். ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளையின் குழாய்கள் சுருங்கும். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும். தூக்குமுன் ‘புஸ் புஸ்’ என்று பத்து மூச்சு இழுத்துவிடுவது வீரமாகத் தெரியலாம். மயக்கத்துக்கு அதைவிடக் குறுக்குவழி கிடையாது.

ஒரே ஒரு முழு மூச்சு போதும். பிடித்து, எடை கடினமான இடத்தைத் தாண்டியதும் பல்லிடுக்கில் கசியவிடுங்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் புது மூச்சு. கழுத்தருகே கம்பி தாங்கும்போது தொண்டையின் பக்கவாட்டில் அழுத்தவிடாதீர்கள். அங்குள்ள தமனி அழுந்தினாலே இதயத்துடிப்பு இறங்கிவிடும். இறக்கிவைத்ததும் சிலைபோல் நிற்காமல் பத்தடி நடந்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளும். கண் மங்கினால் கௌரவம் பார்க்காமல் படுத்து, காலை ஏதாவது மூட்டைமேல் தூக்கி வையுங்கள். மலைக்கு வந்த முதல் இரண்டு மூன்று நாள் எடையைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டுவது நல்லது.

தம் கட்டி முக்கியதில் வெள்ளைவிழியில் ரத்தச் சிவப்போ, கண்ணைச் சுற்றிச் சிறு புள்ளிகளோ வந்தால் பெரும்பாலும் தானாக மறையும். பார்வையே மறைந்தால் கண் மருத்துவரிடம் போகவேண்டும். இடுப்பு மடிப்பில் புடைப்பு என்றால் குடலிறக்கமாக இருக்கலாம். கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. இடி விழுந்தாற்போல் தலைவலி வந்தாலும் அப்படியே. கட்டுக்கடங்காத ரத்தக்கொதிப்போ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தம் கட்டும் எடைப் பக்கமே போகவேண்டாம்.

இறக்கிவைத்த பிறகு வரும் கிறுகிறுப்பு பெரும்பாலும் மேலே சொன்ன வகை. தூக்கிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பினால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காமல், இதயத்தைப் பரிசோதிக்கும்வரை எடையைத் தொடாதீர்கள்.