நுரையைப் பார்த்து சோப்பு வாங்காதீர்கள்: வண்டி கழுவுவோர் கவனத்துக்கு

வாங்கி எட்டு மாதம்கூட ஆகாத கருப்பு கார். நிழலில் பார்த்தால் பளபளப்பு. வெயிலில் நிறுத்தினால் பானெட் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல வட்ட வட்டமாகக் கீறல். "வாரா வாரம் நானே கழுவறேங்க, ஒரு வாட்டர் வாஷுக்கும் விட்டதில்லை" என்பார் வண்டிக்காரர். எதைப் போட்டுக் கழுவுகிறீர்கள் என்று கேட்டால் வரும் பதில்கள் மூன்றுதான்: துணி துவைக்கும் பவுடர், பாத்திரம் துலக்கும் சோப்பு, ஒரு ரூபாய் தலை ஷாம்பு. தருமபுரி முதல் ஓசூர் வரை எந்தப் பெயிண்ட் பட்டறையில் போய் நின்றாலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

"பாலிஷ் போட்டா போயிடும் இல்ல?" போகும். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்பும் வேலை இல்லை, கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை, அதாவது நிறத்துக்கு மேலே பூசிய கண்ணாடி போன்ற பூச்சை, சுரண்டும் வேலை. அந்த கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலான வண்டிகளில் 40 முதல் 50 மைக்ரான். ஜெராக்ஸ் கடையின் ஏ4 தாளில் பாதி. எத்தனை தடவை சுரண்டுவீர்கள்?

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே நம்பிக்கை: நுரை பொங்கினால் சுத்தமாகும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நுரை என்பது சோப்புத் தண்ணீரில் மாட்டிக்கொண்ட காற்று, அவ்வளவுதான். அழுக்கை எடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் சோப்பு. நுரையை விரும்பி வாங்குகிறோம் என்பதற்காகவே தயாரிப்பவர்கள் நுரைக்கென்று தனிச் சரக்கு சேர்க்கிறார்கள். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினுக்கான பவுடரைப் பாருங்கள். நுரை குறைவாக வரும்படியேதான் தயாரிக்கிறார்கள், சட்டைக் காலர் வெளுக்கத்தான் செய்கிறது. அதுவும் போதாதென்றால் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பாருங்கள். தென்பெண்ணையில் மலை மலையாக நுரை பொங்கும். அந்தத் தண்ணீரைச் சுத்தம் என்று யாராவது சொல்வார்களா?

நம் ஊர் போர்வெல் தண்ணீரில் இந்த நம்பிக்கை இன்னும் ஆபத்து. சுண்ணாம்புச் சத்து மிகுந்த உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாக நுரைக்காது. "நுரையே வரலியே" என்று இன்னொரு கை பவுடர் அள்ளிப் போடுவார்கள். அப்போது வாளியில் இருப்பது வண்டி கழுவும் தண்ணீர் இல்லை, காரக் கரைசல்.

வண்டிக்கான சோப்பிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது வழுக்கல். இங்கே ஓடும் வண்டிகள் மேல் படிவது வெறும் மண் அல்ல. குவாரி லாரிகளும் எம்-சாண்ட் டிப்பர்களும் போகிற சாலையில் பறப்பது கிரானைட் தூள். அதிலுள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவுகோலில் 7, அதாவது கத்தி இரும்பைவிட அதிகம். பெயிண்டுக்கும் துணிக்கும் நடுவில் அந்தத் துகள் உருளாமல், கீறாமல் நழுவி வர வேண்டும். அதற்குத்தான் வண்டிக்கென்று செய்த ஷாம்பு. (காலையில் வண்டியை எடுக்கும்முன் காய்ந்த துணியால் 'ஒரு துடை' துடைப்பவர்களே, உங்களுக்கு ஷாம்பு பற்றிப் பேசி என்ன பயன்?)

இனி முதலில் சொன்ன அந்த மூன்று சோப்புகளும். துணி பவுடரில் சலவை சோடா இருக்கிறது. கரைசலின் பிஎச் 10ஐத் தாண்டும் (7 நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம்). பெயிண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சை எடுத்துவிடும், ரப்பர் பீடிங்கை வறட்டும். அலுமினியத்துக்குக் காரம் ஆகவே ஆகாது. பைக் என்ஜின் கவரும் அலாய் வீலும் வெளிறி, மாவு பூத்ததுபோல் ஆவது இதனால்தான். கரையாத பவுடர் மணி தேய்த்தால் கீறும், அது தனி. பாத்திர சோப்புக் கட்டியில் தேய்ப்பதற்காகவே தாதுப் பொடி கலந்திருக்கும். எவர்சில்வர் குண்டானுக்குச் சரி. பாத்திரம் கழுவும் திரவம் அவ்வளவு மோசமில்லை, ஒரு முறை போட்டால் பெயிண்ட் உரிந்துவிடாது. ஆனால் எண்ணெயை அறுப்பதே அதன் தொழில், மெழுகையும் சேர்த்து அறுக்கும். புதிதாக மெழுகு பூசப் போகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் ஒரு தடவை போடலாம், வாரா வாரம் கூடாது. தலை ஷாம்புவில் முடி மினுங்கச் சேர்க்கும் கண்டிஷனர் கண்ணாடியில் படலமாகத் தங்கும். மழை இரவில் தொப்பூர் இறக்கத்தில் எதிர்வண்டி வெளிச்சம் அதில் சிதறும்போது தெரியும். சீயக்காய் இயற்கையானதுதான், ஆனால் அதுவும் அரைத்த தூள்தானே.

கடையில் வாங்கும்போது 'கார் வாஷ் ஷாம்பு' என்ற பெயர் மட்டும் போதாது. பிஎச் நடுநிலை என்று எழுதியிருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் கலந்த தண்ணீரில் பிஎச் தாளைத் தொட்டுப் பாருங்கள், 6 முதல் 8க்குள் இருந்தால் போதும். கலவை விகிதம் அச்சிட்டிருக்க வேண்டும். 1:500 என்றால் 10 லிட்டர் வாளிக்கு 20 மில்லி. இருமல் சிரப்போடு வரும் அளவு மூடியால் ஊற்றுங்கள், குத்துமதிப்பாகக் கவிழ்க்காதீர்கள். அரை லிட்டர் பாட்டில் இப்படி 25 கழுவலுக்கு வரும், வாரம் ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஆறு மாதம். விலை அதிகம் என்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். நுரை பீய்ச்சும் ஃபோம் கன்னுக்கு விகிதம் வேறு, லேபிளைப் படியுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உங்கள் வீட்டுத் தண்ணீரில், சொன்ன அளவில் கலந்து விரல்களுக்கு நடுவே தேயுங்கள். நன்றாக வழுக்க வேண்டும். பிறகு கருப்புக் கண்ணாடித் துண்டில் இரண்டு இடத்தில் சொட்டு வையுங்கள்: ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று ஷாம்பு கலந்தது. காய்ந்த பின் ஷாம்பு சொட்டு மட்டும் பிசுபிசுவென்று படலமாக நின்றால் அந்தச் சரக்கு வேண்டாம். இரண்டுமே வெள்ளையாகக் கறை விட்டிருந்தால் குற்றம் தண்ணீருடையது.

மேட் நிற (பளபளப்பில்லாத) பைக் வைத்திருப்பவர்கள் மெழுகு கலந்த 'வாஷ் அண்ட் வாக்ஸ்' ஷாம்பு பக்கமே போகாதீர்கள். திட்டுத் திட்டாகப் பளபளப்பு ஏறும், திரும்ப எடுப்பது பெரும்பாடு. செராமிக் கோட்டிங் போட்ட வண்டிக்கும் மெழுகு கலக்காத ஷாம்புதான்.

தண்ணீருக்கு வருவோம். நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடு பயத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல வீடுகளில் ஆர்ஓ இருக்கிறது. அதன் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பிடித்து வைத்து வண்டி கழுவுகிறார்கள். நல்ல எண்ணம், தவறான இடம். போர்வெல் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் திரண்டு நிற்பது அந்தத் தண்ணீரில்தான். அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள். கழுவலுக்கு போர் தண்ணீர் போதும். கடைசி அலசலுக்கு மட்டும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டக் குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ இரண்டு மக் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லையா, காய விடாமல் உடனே துடையுங்கள். அதற்காகத்தான் வெயிலில் கழுவாதே என்பது: சோப்பும் உப்பும் பெயிண்டிலேயே வற்றிவிடும்.

கழுவும் முறை பெரிய வித்தை இல்லை. என்ஜின் ஆற அரை மணி நேரம் விடுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் மேலிருந்து கீழாகத் தூளை ஓட விடுங்கள், கை வைக்காதீர்கள். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலசத் தண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை அலசாமல் ஷாம்பு வாளிக்குள் விட்டால் நீங்கள் தேய்ப்பது உப்புத்தாள்தான். வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுங்கள். வீலுக்கும் மட்கார்டின் உட்பக்கத்துக்கும் தனித் துணி. கீழே விழுந்த துணியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். பழைய பனியன், லுங்கி, தேங்காய் நார், பஞ்சுக் கட்டை எதுவும் வேண்டாம், தயவுசெய்து.

மாமரத்தடியில் நிறுத்தி மாம்பால் சொட்டியிருந்தால், பறவை எச்சம் காய்ந்திருந்தால், அதற்காக சோப்பைக் கூட்டாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். குரோமியம் மங்கினால் புளி போட்டுத் தேய்ப்பது, அலாய் வீலுக்குக் கழிவறை ஆசிட் ஊற்றுவது இரண்டையும் விட்டுவிடுங்கள். பித்தளைக் குடமல்ல அது.

டயர் பாலிஷை பைக் டயரின் தரை படும் பகுதியிலும் டிஸ்க்கிலும் தப்பித் தவறிக்கூடத் தடவாதீர்கள். முதல் வளைவிலேயே வண்டி வழுக்கும், பிரேக் பிடிக்காது. கழுவி முடித்ததும் தெருமுனை வரை மெதுவாக ஓட்டி, நாலைந்து தடவை பிரேக்கை லேசாகப் பிடித்து விடுங்கள். லைனிங்கில் நின்ற ஈரம் போன பிறகு மெயின் ரோட்டில் ஏறலாம்.