பாலாற்றில் தண்ணீரே இல்லை, மேகம் மட்டும் எங்கிருந்து வருகிறது?

வேலூர்ப் பக்கம் ஆறாம் வகுப்பில் நீர்ச்சுழற்சி நடத்தினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். புத்தகத்துப் படத்தில் கடல், சூரியன், மேலே போகும் அம்புக்குறி, மேகம், மழை எல்லாம் வரிசையாக இருக்கும். வெளியே வந்து பார்த்தால் பாலாறு முழுக்க மணல். ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். பிள்ளைகள் கேட்பது நியாயம்தானே?

நம் தலைக்கு மேல் வரும் ஈரத்தில் உள்ளூர்ச் சரக்கு கொஞ்சம்தான். ஏரி, ஈரமான வயல், மர இலைகள் எல்லாம் தங்கள் பங்குக்கு ஆவி விடுகின்றன. ஆனால் பெரும்பங்கு கடலுடையது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவிலிருந்து வடகிழக்குக் காற்று அதைச் சுமந்து வருகிறது. அது ஆவியாக வருவதால் கண்ணுக்குத் தெரியாது. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வானத்தில் வெள்ளையாகத் தெரியும் மேகம் ஆவி அல்ல, மிகச் சிறிய தண்ணீர்த் துளிகள். ரொம்ப உயரத்தில் இருந்தால் பனித்துகள்கள்.

சரி, ஆவி ஏன் துளியாக மாற வேண்டும்? என் அனுபவத்தில், படம் பார்த்து மனப்பாடம் செய்த பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். “மேலே போனா சூரியனுக்குக் கிட்ட போகுதே டீச்சர், இன்னும் சூடாகாதா?” என்பார்கள். சூரியன் இருப்பது சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில். அதில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் குறைந்து என்ன ஆகிவிடும்! வெயில் முதலில் தரையைச் சுட வைக்கிறது, தரைதான் காற்றைச் சுட வைக்கிறது. சூடான காற்று மேலே எழும்புகிறது. மேலே அழுத்தம் குறைவு என்பதால் அது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. மேகம் உருவாகும் வரை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி குறையும். காற்று குளிரக் குளிர அதில் ஆவியாகவே இருக்கக்கூடிய நீரின் அளவும் குறைகிறது. மிஞ்சியது துளியாகிறது.

விரிந்தால் குளிரும் என்பதை நம்ப மறுப்பவர்களுக்கு, நன்றாகக் காற்றடித்த சைக்கிள் டியூபின் வால்வைத் திறந்து, வரும் காற்றில் விரலை வைக்கச் சொல்வேன். சில்லென்று இருக்கும்.

அடுத்தது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூடியைப் போட்டு, நன்றாக அழுத்திப் பிடித்து, சட்டென்று விடுங்கள். பெரிதாக ஒன்றும் தெரியாது. இப்போது அணைத்த தீக்குச்சியின் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு அதையே செய்யுங்கள் (குச்சியைப் பெரியவர்கள் கொளுத்தட்டும்). கையை விட்டதும் பாட்டிலுக்குள் வெள்ளையாக மேகம்! மறுபடி அழுத்தினால் காணாமல் போகும். புத்தகப் படம் விட்டுவிடும் இன்னொரு சங்கதியும் இதில் இருக்கிறது. ஆவி வந்து ஒட்டிக்கொள்ள ஒரு தூசி வேண்டும். மண் தூசி, புகை, கடல் உப்பின் துகள் எதுவானாலும் சரி.

இப்படிப் பிறக்கும் மேகத்துளியின் குறுக்களவு சுமார் 0.02 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னதாக இருப்பதால் மிக மெதுவாகத்தான் இறங்கும். கீழிருந்து எழும் காற்றே அதைத் தாங்கிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டர் உள்ள சாதாரண வெண்மேகத்தில் சுமார் 500 டன் தண்ணீர் இருக்கலாம். ஆனாலும் விழாது. துளிகள் மோதிச் சேர்ந்து, பத்து லட்சம் மேகத்துளிகள் ஒன்றான அளவுக்குப் பெருத்தால்தான் 2 மில்லிமீட்டர் மழைத்துளி. அப்புறம் காற்றால் தாங்க முடியாது. உயரமான மேகங்களில் பனித்துகள்கள் வளர்ந்து, இறங்கும் வழியில் உருகியும் மழையாகும். இடிமேகத்துக்குள் தண்ணீர்த் துளிகள் மேலும் மேலும் ஒட்டி உறைந்து கட்டியாகப் பெருத்து, உருகாமல் விழுந்தால் ஆலங்கட்டி.

நம் ஊரில் ஆடி, ஆவணியில் பகலெல்லாம் வெயில் கொளுத்திவிட்டு, சாயங்காலம் திடீரென்று இருட்டிக்கொண்டு இடியோடு கொட்டுமே, நான் மேலே சொன்னதெல்லாம் அங்கே ஒரே நாளில் கண்முன்னால் நடக்கிறது. அந்த மேகங்கள் பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் வளரும். கருப்பாகத் தெரிவது அழுக்கால் அல்ல. தடிமன் அதிகமாக இருப்பதால் வெளிச்சம் அடிப்பக்கத்துக்கு வந்து சேர்வதில்லை.

மேகமும் மேகமும் மோதினால் இடி இடிக்கும் என்று பெரியவர்களே சொல்லிக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேகத்துக்குள் பனித்துகள்கள் உரசுவதால் மின்னூட்டம் பிரிந்து சேர்கிறது. அது பாயும்போது மின்னல். அந்தப் பாதையில் காற்று 30,000 டிகிரி அளவுக்குச் சூடேறி வெடிப்பதுபோல் விரிவதுதான் இடிச் சத்தம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். எண்ணுவது வீட்டுக்குள் இருந்துகொண்டு! இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறோம். ஏரிக்குள் ஆடுகிறவர்கள் ஸ்டம்பை அங்கேயே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும், புளியமரத்தடிக்கு இல்லை, கட்டடத்துக்குள். மாடு மேய்க்கப் போகும் பிள்ளைகளிடம் இதை நான் தனியாகக் கூப்பிட்டே சொல்வேன்.

மழை விட்ட பிறகும் ஒரு வேலை இருக்கிறது. பக்கம் நேராக உள்ள ஒரு டப்பாவை மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, காலை 8.30 மணிக்கு ஸ்கேலால் அளக்கச் சொல்லுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் 24 மணி நேரக் கணக்கை முடிக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். பேப்பரில் வரும் குடியாத்தம், காட்பாடி கணக்கோடு ஒப்பிட்டால் டப்பா கணக்கு பல நாள் ஒத்துப்போகாது. டப்பாவைக் குறை சொல்ல வேண்டாம். இடிமேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், பக்கத்து ஊரை நனைத்துவிட்டு நம்மைத் தொடாமலே போய்விடும்.