நோட்ரம்ப் ஆட்டத்தில் எதிரணி கோட்டை விடும் இடங்கள்

பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 3 நோட்ரம்ப் (துருப்புச் சீட்டு இல்லாத) ஆட்டத்தை முடிக்க, ஏலத்தில் வென்று ஆடும் டிக்ளேரருக்கு மொத்தம் 13 ட்ரிக்கில் (நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போடும் சுற்றில்) 9 வேண்டும். அதைக் கவிழ்க்க எதிரணிக்கு 5 போதும், முதல் சீட்டை இறக்கும் உரிமையும் அவர்களுக்குத்தான். அப்படியிருந்தும், நான் பயிற்சி கொடுக்கும் மேசைகளில் முதல் இரண்டு மூன்று ட்ரிக்கிலேயே ஆட்டம் கைவிட்டுப் போய்விடுகிறது. பெரும்பாலும் சீட்டு மோசமாக வந்ததால் அல்ல. பார்ட்னர் சீட்டு வழியாகச் சொன்னதைக் கவனிக்காததால்.

கிங், குயின், ஜாக் என்று வரிசை இருந்தால் அதன் மேல் சீட்டை லீட் செய்கிறோம், அதாவது முதலில் இறக்குகிறோம். இல்லையென்றால் நீளமான சூட்டில் (கையில் அதிகச் சீட்டு உள்ள இனத்தில்) மேலிருந்து நான்காவது. இந்த நான்காவது சீட்டுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. அதன் எண்ணை 11-லிருந்து கழியுங்கள். அதைவிடப் பெரிய சீட்டுகள் மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து எத்தனை என்று தெரிந்துவிடும்.

பார்ட்னர் ஸ்பேட் 6 லீட் செய்கிறார். டம்மியில் (மேசையில் விரித்து வைக்கப்படும், டிக்ளேரரின் பார்ட்னர் கையில்) குயின், 9, 4. உங்களிடம் ஏஸ், 10, 7. டம்மியிலிருந்து 4 வருகிறது. மூன்றாம் கை பெரிதாகப் போட வேண்டும் என்று படித்தவர் யோசிக்காமல் ஏஸை வைப்பார். கணக்குப் போடுங்கள்: 11-ல் 6 போனால் 5. டம்மியில் இரண்டு, உங்களிடம் மூன்று. ஆக, டிக்ளேரரிடம் 6-ஐ மிஞ்ச ஒன்றுமே இல்லை, உங்கள் 7 போதும். அப்புறம் ஏஸ், அடுத்து 10. பார்ட்னரிடம் கிங், ஜாக், 8, 6, 3 இருந்தால், அந்த 10 மேல் அவர் கிங்கைப் போட, டம்மியின் குயின் விழுகிறது. ஜாக்கும் 8-ம் சேர்ந்தால் 5 ட்ரிக், ஆட்டம் அங்கேயே கவிழ்ந்தது. முதலிலேயே ஏஸை வைத்திருந்தால் அந்தக் குயின் ஒரு ட்ரிக் எடுத்திருக்கும்.

ஆனால் ஐந்து சின்னச் சீட்டுகளை வைத்துக்கொண்டு, வேறு எந்த சூட்டிலும் ட்ரிக் எடுத்து உள்ளே வர வழியில்லாதவர் அந்த சூட்டை லீட் செய்வது வீண். ஏலத்தில் பார்ட்னர் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த சூட்டைப் போடுங்கள்.

எண்ணிக்கை சிக்னலை, அதாவது ஒரு சூட்டில் தன்னிடம் எத்தனை சீட்டு என்று போடும் சீட்டாலேயே காட்டுவதைத்தான், பலர் அலட்சியம் செய்கிறார்கள். டம்மியில் டயமண்ட் கிங், குயின், ஜாக், 10, 5 இருக்கிறது, டம்மிக்குப் போக வேறு வழி கிடையாது. உங்களிடம் ஏஸ், 8, 4. ஏஸை எப்போது எடுப்பது? மீதி ஐந்து சீட்டு பார்ட்னருக்கும் டிக்ளேரருக்கும் நடுவே. வழக்கமான முறையில், பார்ட்னர் முதலில் சின்னதாகப் போட்டால் அவரிடம் மூன்று, டிக்ளேரரிடம் இரண்டு, எனவே அவருக்கு டயமண்ட் தீர்ந்து டம்மிக்குப் போக முடியாமல் ஆகும் இரண்டாவது சுற்றில் எடுங்கள். பெரியதைப் போட்டுவிட்டு அடுத்து சின்னது போட்டால் அவரிடம் இரண்டு, மூன்றாவது சுற்று வரை பொறுங்கள். ஒரு சுற்று தாமதித்தால் டிக்ளேரருக்கு ஒரு ட்ரிக் இலவசம்; ஒரு சுற்று முந்தினால் டம்மியில் மீதியுள்ள டயமண்ட் எல்லாமே அவருக்கு.

உங்கள் சிக்னல் முறை எதிராளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். ரகசிய ஒப்பந்தத்துக்கு இடமில்லை. செய்தி சீட்டில் மட்டுமே இருக்கலாம். பார்ட்னர் தயங்கிப் போட்டார் என்பதை வைத்து அடுத்த சீட்டைத் தேர்ந்தெடுப்பது தவறு. 2015-ல் உலகத் தரமான ஒரு ஜோடி, மேசையில் போர்டை (சீட்டுகள் இருக்கும் தட்டை) வைக்கும் இடத்தை வைத்தே எந்த சூட்டை லீட் செய்வது என்று சொல்லிக்கொண்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பிய பிரிட்ஜ் லீக் அவர்களுக்குத் தடை விதித்தது. புதிய பார்ட்னரோடு உட்காரும்போது, பெரிய சீட்டு அந்த சூட்டைத் தொடர ஊக்கமா மறுப்பா, எண்ணிக்கை எப்போது காட்டுவது என்று முதலில் பேசி, கன்வென்ஷன் கார்டில் (ஜோடியின் முறைகளைக் குறிக்கும் அட்டையில்) எழுதிவிடுங்கள்.