நோயாளியைத் தொடாத தண்ணீர்

சென்ற கத்திரி வெயிலில் எங்கள் வீட்டு ஏர் கூலர் பதினைந்து நாள் ஓடிய பிறகு, அதன் காற்றில் சேற்று வாடை வீசத் தொடங்கியது. தொட்டியைக் கழற்றி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி ஓட்டினோம். இரண்டு நாள் வாடை இல்லை. மூன்றாம் நாள் மாலை திரும்பி வந்துவிட்டது. பிறகுதான், பம்பிலிருந்து பக்கவாட்டுத் தட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றும் விரல் தடிமன் பிளாஸ்டிக் குழாயைப் பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உட்புறத்தில் விரலை ஓட்டியபோது, வெண்டைக்காய் நறுக்கிய அரிவாள்மனையைத் தொட்டதுபோல் வழுவழுத்தது. நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறத்தில் சுருண்டு வந்தது. தொட்டியை எத்தனை முறை கழுவியிருந்தாலும், இந்தக் குழாயிலிருந்து அது மறுபடி மறுபடி வந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

வீட்டில் இது வாடையோடு முடிந்துவிடும். அதே வழுவழுப்பு, அறுவை அரங்கில் நோயாளியின் உடல் வெப்பத்தைக் காக்கும் கருவிக்குள் படியும்போது என்ன நேரும் என்பதை, கடந்த பதினைந்து ஆண்டுகளில் உலகின் இதய அறுவை மருத்துவர்கள் வருத்தத்தோடு கற்றுக்கொண்டார்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை 1961இல் நடந்தது எங்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில்தான் என்பதால், இந்தக் கருவியின் கதையை இங்கிருந்து சொல்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

திறந்த இதய அறுவையின்போது இதயத்தின் துடிப்பை நிறுத்தி வைக்கிறார்கள். அந்த நேரம் முழுவதும் உடலுக்கு இரத்தத்தைச் செலுத்துவது இதய-நுரையீரல் இயந்திரம். அதன் பக்கத்திலேயே, ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டியின் உருவத்தில், ஹீட்டர்-கூலர் என்னும் இன்னொரு கருவி நிற்கும். அதன் வேலை தண்ணீரைத் தேவையான வெப்பநிலைக்குக் கொண்டுவந்து சுற்றவிடுவது. ஒரு தொட்டியின் தண்ணீர் சில டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்து, இதயத் தசையை ஓய்வில் வைக்கும் திரவத்தைக் குளிர்விக்கும். இன்னொரு தொட்டியின் தண்ணீர் நோயாளியின் இரத்தத்தை முதலில் குளிரவைத்து, அறுவை முடியும் தறுவாயில் மெல்ல மெல்ல 36, 37 டிகிரிக்குத் திரும்பச் சூடேற்றும். நோயாளியின் அடியில் விரிக்கப்படும் தண்ணீர் மெத்தைக்கும் இதே கருவியிலிருந்து குழாய் செல்வதுண்டு. வெப்பப் பரிமாற்றியின் சுவர் ஒன்று தண்ணீருக்கும் இரத்தத்துக்கும் நடுவே எப்போதும் நிற்கிறது. வெப்பம் மட்டும் கடந்து செல்லும், தண்ணீர் கடக்காது. தண்ணீர் நோயாளியைத் தொடுவதே இல்லை என்பதால், அதைக் கிருமி நீக்கிய தண்ணீராக வைத்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் யாருக்கும் தோன்றவில்லை. குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது பல நாடுகளிலும் வழக்கமாக இருந்தது.

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மருத்துவர்களுக்கு முதல் ஐயம் எழுந்தது. இதய வால்வோ செயற்கை இரத்தக் குழாயோ பொருத்தப்பட்ட சிலருக்கு, அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டு முதல் மூன்றரை ஆண்டுக்கும் மேல் கழிந்த பிறகு, விட்டுவிட்டுக் காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டன. எல்லாரிடமும் கிடைத்த கிருமி ஒன்றே: மைக்கோபாக்டீரியம் கைமேரா. 2015இல் வெளியான அவர்களின் ஆய்வு ஆறு நோயாளிகளைப் பற்றிப் பேசியது; அதே கிருமி ஹீட்டர்-கூலர் தண்ணீரிலும், அந்தக் கருவி ஓடும்போது சுற்றியிருந்த காற்றிலும் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. பின்னர் பல நாடுகளின் மாதிரிகளை முழு மரபணு வரிசையாக்கம் செய்து ஒப்பிட்டபோது, நோயாளிகளிடமும் கருவிகளிடமும் இருந்த கிருமிகள் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்றும், ஜெர்மனியில் கருவி தயாரான இடத்திலேயே ஒட்டிக்கொண்டு உலகெங்கும் பயணப்பட்டிருக்க வேண்டும் என்றும் தெரியவந்தது. மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே கருவி மாசுபட்டிருக்கக் கூடும் என்பது எனக்கு இந்த வரலாற்றின் மிகக் கசப்பான பகுதி.

தொடாத தண்ணீர் எப்படி மார்புக்குள் போனது? இதற்கு நம் ஊர் கோலி சோடா போதும். கோலியை உள்ளே தள்ளியதும் புட்டியின் வாய்க்கு நேராக முகத்தை வைத்தால், மூக்கு நுனியில் ஊசி ஊசியாகச் சில்லென்று குத்தும். மேலெழும் ஒவ்வொரு குமிழியும் தண்ணீர்ப் பரப்பில் வெடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத துளிகளை மேல்நோக்கி எறிகிறது. ஹீட்டர்-கூலரின் தொட்டிக்குள் தண்ணீர் வேகமாகத் திரும்பி வந்து விழுவதாலும் கலக்கப்படுவதாலும் இதே குமிழிகள் இடைவிடாமல் வெடிக்கின்றன. கைமேராவின் உடல் மெழுகு போன்ற கொழுப்புறை போர்த்தது. தண்ணீரோடு ஒட்டாமல் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்வது அதன் இயல்பு. ஆகவே எறியப்படும் துளியில், தொட்டித் தண்ணீரில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாகக் கிருமி இருக்கும். தொட்டியின் இடுக்குகள் வழியே கசியும் இந்தத் தூவானத்தை, கருவியின் சூட்டை வெளியேற்றுவதற்காகச் சுழலும் மின்விசிறி வாரிக்கொண்டுபோய் அரங்கின் காற்றில் கலக்கிறது. புகை விட்டுப் பார்த்த சோதனையில், மேலிருந்து சுத்தமான காற்றைக் கீழ்நோக்கிச் செலுத்தும் நவீன அரங்கிலும், கருவியின் காற்று அரை நிமிடத்துக்குள் அறுவை மேசைக்கு வந்துவிட்டது. திறந்த மார்பும், தட்டில் காத்திருக்கும் செயற்கை வால்வும் அங்கேதான் இருக்கின்றன.

கைமேராவுக்கு 2004இல்தான் பெயர் வைத்தார்கள். பல விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்துக் கிரேக்கர் கற்பித்த புராண உயிரின் பெயர் அது. வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் நிற்கும் யாளியை நினைத்துக்கொண்டால் நமக்குப் பெயரின் பொருள் எளிதில் விளங்கும். காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் இதற்கு உறவு. தொழுநோய்க்கென்றே 1955இல் வேலூரை அடுத்த கரிகிரியில் ஆராய்ச்சி நிலையம் கண்ட வட ஆர்க்காட்டுக்கு இந்தக் குடும்பம் புதிதன்று. மண்ணிலும் தண்ணீரிலும் இயல்பாக வாழும் இதன் கிளைகளும் நமக்குப் புதியவை அல்ல: 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய, காசநோய்க்கு எதிரான பெரும் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் எதிர்பார்த்த பயன் கிடைக்காதபோது, இங்குள்ளவர்கள் சுற்றுச்சூழல் மைக்கோபாக்டீரியங்களோடு ஏற்கெனவே மிகுதியாகப் பழகியவர்கள் என்பது ஒரு விளக்கமாக முன்வைக்கப்பட்டது. நல்ல உடல்நிலையில் இருப்பவர் இவற்றைக் குடித்தும் சுவாசித்தும் ஒன்றும் ஆகாமல் வாழ்கிறார்; இரத்த ஓட்டத்தின் நடுவே புதிதாகத் தைக்கப்பட்ட செயற்கைப் பொருள்தான் அதற்கு வேர் பிடிக்க இடம் தருகிறது.

தண்ணீரில் இதன் வாழ்க்கையைப் புரிந்துகொண்டால்தான் தடுப்பு முறையின் காரணம் விளங்கும். ஈ.கோலி போன்ற பாக்டீரியா ஏற்ற சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. கைமேராவின் இனத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிர், ஓடும் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் தண்ணீரை மாற்றும்போதெல்லாம் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அது பிழைப்பதற்கு ஒரே வழி சுவரைப் பற்றிக்கொள்வது. மெழுகு போன்ற உறை அதற்குப் பிளாஸ்டிக் குழாய்களிலும் உலோகத்திலும் எளிதாக ஒட்ட உதவுகிறது. ஒட்டியபின் மற்ற நுண்ணுயிர்களோடு சேர்ந்து, பசை போன்ற பொருளைச் சுரந்து, நுண்ணுயிர்ப் படலமாக வளர்கிறது. குடத்தின் உட்புறத்தைப் புளி போட்டுத் தேய்த்தவர்கள் எல்லாரும் அறிந்த வழுவழுப்பு அதுதான். குளோரின் உள்ளே பாயும்போது படலத்தின் மேலடுக்கோடு வினைபுரிந்தே செலவாகிவிடுகிறது. அடியில் இருப்பவை தப்பிக்கின்றன. இந்தக் கிருமிக் குடும்பம் இயல்பிலேயே குளோரினை மிகத் தாங்கக் கூடியது என்பது வேறு. ஆகவே ஒருமுறை படலம் கெட்டியாகப் படிந்துவிட்ட கருவியைக் கிருமி நீக்கம் செய்த பிறகும், சில வாரங்களில் கிருமி மீண்டும் தலைகாட்டியதாகப் பல மருத்துவமனைகள் கண்டிருக்கின்றன. அப்போது குழாய்களையும், தேவைப்பட்டால் தொட்டியையும் கழற்றி எறிந்து புதிதாகப் போடுவதுதான் வழி. என் கூலர் குழாய்க்கு நான் செய்ததும் அதுவே.

எனவே தடுப்பு முயற்சி படலம் உருவாவதற்கு முன்பே தொடங்கியாக வேண்டும். கருவியை நிரப்பவும் அலசவும் கிருமி நீக்கிய தண்ணீரையோ, 0.22 மைக்ரான் அளவோ அதற்கும் சிறியதோ ஆன துளைகளைக் கொண்ட வடிகட்டி வழியே வந்த தண்ணீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். தண்ணீரைக் குளிர்விக்கப் பனிக்கட்டி போடுவதாக இருந்தால் அதுவும் அத்தகைய தண்ணீரில் உறைந்ததாக இருக்க வேண்டும். இங்கே நம் ஊரில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பாலாற்றுப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்புக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் ஆர்.ஓ. தண்ணீரை நாடுவது நமக்குப் பழகிவிட்டது. ஆனால் உப்பு முழுவதும் நீங்கிய தண்ணீர் கருவியின் உலோகப் பகுதிகளை அரிக்கத் தூண்டக்கூடும் என்பதால், அதை அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கவில்லை. கருவியின் கையேடு எந்தத் தண்ணீரைச் சொல்கிறதோ அதுவே சரி. அதற்காக உப்புத் தண்ணீரைப் பிடித்து ஊற்றிவிடவும் கூடாது. வெந்நீர்க் காயிலில் பூக்கும் வெள்ளைப் படிவைப் போன்ற சொரசொரப்பு, கிருமி பற்றிக்கொள்ளப் படிக்கட்டு கட்டித் தருவதாகும்.

தண்ணீரை வாரந்தோறும் மாற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து, குறித்த இடைவெளியில் பெரசிட்டிக் அமிலமோ குளோரின் சேர்மமோ கொண்டு முழுச் சுற்றையும் கிருமி நீக்கம் செய்வது பரவலான அட்டவணை. முழுச் சுற்று என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்: தொட்டி, பம்பு, இணைப்புகள், வெளியே தொங்கும் குழாய்கள், என்றோ ஒருநாள் மட்டும் பயன்படும் துணைக் குழாய்கள் உட்பட. தண்ணீர் ஓடாமல் நிற்கும் முட்டுச்சந்துதான் படலத்துக்குப் பிடித்த இடம். செய்த நாளையும் செய்தவரின் கையொப்பத்தையும் பதிவேட்டில் குறிப்பது காகித வேலை போலத் தோன்றும். ஈராண்டு கழித்து ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் வந்து நிற்கும்போது, எந்தக் கருவி, எந்த நாள் என்று தேட அதுதான் இருக்கும். இந்த வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டுகளும் அரங்க உதவியாளர்களும்; அடுக்கடுக்காக அறுவைகள் நடக்கும் நாள்களில் அதற்கெனத் தனி நேரம் ஒதுக்கித் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது கருவி நிற்கும் இடத்தை. தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதன் காற்று அறுவை மேசைக்குப் போக வழி இருக்கக் கூடாது. கருவியைப் பக்கத்து அறையில் நிறுத்தி, சுவரில் துளையிட்டுக் குழாய்களை மட்டும் உள்ளே கொண்டுவருவது சிறந்தது. இடம் இல்லாத அரங்குகளில் கருவியை முடிந்தவரை தள்ளி, அதன் விசிறி மேசையைப் பார்க்காதபடி திருப்பி, அரங்கின் காற்று வெளியேறும் துளைக்கு அருகில் நிறுத்த வேண்டும். தூவானம் கசியாதபடி தொட்டியை மூடி முத்திரையிட்டு, உள்காற்றை உறிஞ்சி எடுக்கும் அமைப்போடு சில கருவிகள் மாற்றியமைக்கப்பட்டும் இருக்கின்றன.

சோதனைக்கு எடுத்த தண்ணீரில் கிருமி இல்லை என்று அறிக்கை வந்தால் நிம்மதி அடையலாமா? கைமேராவை வளர்த்துக் காண ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதற்குள் அந்தக் கருவியோடு எத்தனையோ அறுவைகள் முடிந்திருக்கும். கிருமி சுவரில் இருக்கும்போது தண்ணீர் மாதிரியில் சிக்காமலும் போகலாம். ஆகவே சோதனை கூடுதல் கண்காணிப்பு மட்டுமே. நல்ல அறிக்கையைக் காட்டிக் கருவியை மேசைக்கருகே நகர்த்தி வைக்கக் கூடாது.

தொற்று கண்டறியப்பட்ட மருத்துவமனைகளில்கூட, ஆபத்து நூற்றில் ஒருவருக்கும் ஆயிரத்தில் ஒருவருக்கும் இடைப்பட்டது என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2016இல் கணக்கிட்டது. இதற்கு அஞ்சி யாரும் இதய அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. அதுவே பெரிய ஆபத்து. ஆனால் நோய் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் உயிரிழந்திருக்கிறார்கள். தாமதமான கண்டறிதல் அதற்கு ஒரு காரணம். வேலூரில் இது எனக்குத் தனிக் கவலை தருகிறது. மேற்கு வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் தங்கி, சிகிச்சை முடிந்து காட்பாடியில் ரயில் ஏறிப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். இரண்டு ஆண்டு கழித்து ஒருவருக்கு மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் எடை இழப்பும் வந்தால், சொந்த ஊர் மருத்துவர் முதலில் நினைப்பது காசநோயைத்தான். சளியிலோ திசுவிலோ அமிலம் தாங்கும் கிருமி (சாயமேற்றி அமிலத்தில் கழுவினாலும் நிறம் போகாத இந்தக் குடும்பத்துக் கிருமி) தென்பட்டால் ஐயம் உறுதியானதாகவே தோன்றும். ஏனெனில் நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் பைராசினமைடும் கைமேராவுக்குப் பயன்படா. கிளாரித்ரோமைசின் போன்ற மருந்தை மையமாகக் கொண்ட கூட்டு மருந்து பல மாதம் தேவை, பலருக்குப் பொருத்திய வால்வையே மாற்ற வேண்டிவரும். ஆகவே, செயற்கைப் பொருள் பொருத்தப்பட்டவர் பல ஆண்டுகள் கழித்துக் காரணம் தெரியாத காய்ச்சலோடு வந்தால் இந்தக் கிருமியையும் தேட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி எழுதித் தருவது, செலவே இல்லாத நல்ல தடுப்பு.

தண்ணீரைக் கொண்டு வெப்பம் காக்கும் பிற கருவிகளிலும் இதே கண் வேண்டும். பச்சிளங்குழந்தைகளை வைக்கும் இன்குபேட்டரின் ஈரப்பதத் தொட்டியில் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியா வளரும். அதில் கிருமி நீக்கிய தண்ணீரை மட்டுமே ஊற்றி, நாள்தோறும் மாற்ற வேண்டும். உறைந்த பிளாஸ்மாவை உருக்கும் வெந்நீர்த் தொட்டியில் பையை அப்படியே மிதக்க விடாமல், இன்னொரு பைக்குள் இட்டு இறக்க வேண்டும்.

தண்ணீரையே விலக்கிவிடும் வழியும் இருக்கிறது, அதில் வேலூருக்கும் பங்கு உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையின் மூளையைக் காப்பாற்ற, ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, 72 மணி நேரம் அதன் உடல் வெப்பத்தை 33, 34 டிகிரிக்கிடையே நிறுத்துகிறார்கள். இதற்கு வெளிநாட்டுக் கருவிகள் மெத்தைக்குள் குளிர்நீரைச் சுற்றவிடுகின்றன. சி.எம்.சி.யின் பங்களிப்போடு இந்தியாவில் உருவான தொட்டில் போன்ற கருவியிலோ, குறிப்பிட்ட வெப்பநிலையில் உருகும் பொருள் அடைக்கப்பட்ட படுக்கை இருக்கிறது. குழந்தையின் சூட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பொருள் உள்ளுக்குள்ளேயே மெல்ல உருகுகிறது. உருகியதை மீண்டும் குளிரவைத்தால் அடுத்த குழந்தைக்கு ஆகும். அதற்குப் பம்பு இல்லை, குழாய் இல்லை, தொட்டி இல்லை. செவிலியர் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் வெளிப்பரப்பு மட்டுமே.