முப்பது லட்சம் பேரிலிருந்து ஒரு அணி

2018 ஆகஸ்ட் மாதம். கெபா அரிசபலாகா என்ற 23 வயது கோல்கீப்பருக்காக லண்டனின் செல்சி கிளப் 8 கோடி யூரோ கொடுத்தது. அதுவரை உலகத்தில் எந்தக் கோல்கீப்பருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. பணம் போய்ச் சேர்ந்தது ஸ்பெயினின் வடகோடியில் இருக்கும் பில்பாவோ நகரத்து அத்லெதிக் கிளப்புக்கு. வேறு கிளப்பாக இருந்தால் அன்றே பிரேசிலுக்கும் ஜெர்மனிக்கும் ஆள் அனுப்பித் தேடியிருக்கும். அத்லெதிக்கால் அது முடியாது. போதாக்குறைக்கு இரண்டாவது கோல்கீப்பருக்குக் காயம். அடுத்தவருக்கும் நிர்வாகத்துக்கும் ஒப்பந்தத் தகராறு. சில வாரங்களுக்கு முன்புதான் இரண்டாம் டிவிஷன் எல்சே அணிக்கு இரவலாக அனுப்பியிருந்த 21 வயது உனாய் சிமோனை அவசரமாகத் திரும்ப அழைத்தார்கள். ஆகஸ்ட் 20 அன்று லெகானெஸ் அணிக்கு எதிராக அவருக்கு முதல் லீக் ஆட்டம். 2024 ஐரோப்பியக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது கோல்கம்பத்தைக் காத்தவர் இதே சிமோன்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் 1929இல் ஸ்பெயினின் கால்பந்து லீக்கான லா லிகா தொடங்கிய நாளிலிருந்து முதல் டிவிஷனை விட்டு ஒருமுறைகூடக் கீழே இறங்காத கிளப்புகள் மூன்றே மூன்று: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெதிக். முதல் இரண்டும் உலகத்தையே சல்லடை போட்டு ஆள் பிடிப்பவை. மூன்றாவது, ஸ்பெயின் பிரான்ஸ் எல்லையின் இருபுறமும் பரந்த பாஸ்க் நாட்டில் பிறந்தவர்களையும், அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்களையும் மட்டுமே ஆடவிடும். ஸ்பெயின் பக்கம் நான்கு, பிரான்ஸ் பக்கம் மூன்று என ஏழு பகுதிகளைச் சேர்த்தாலும் மக்கள்தொகை சுமார் 30 லட்சம். இத்தனை ஆண்டுகள் அதிர்ஷ்டம் மட்டும் கைகொடுக்காது.

இத்தனைக்கும் கால்பந்தை அங்கே கொண்டுவந்தவர்களே வெளியூர்க்காரர்கள். பில்பாவோவின் இரும்புத்தாதுவும் கப்பல் கட்டும் துறையும் இழுத்து வந்த ஆங்கிலேயத் தொழிலாளர்களும், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய உள்ளூர்ப் பணக்கார வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. கிளப் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுவது 1898. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையும் 1910இல் இங்கிலாந்திலிருந்து வந்ததுதான். ஆரம்ப அணிகளில் ஆங்கிலேயர்கள் ஆடினார்கள். 1911இல் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பற்றிக் கோப்பைப் போட்டியில் ஒரு சச்சரவு கிளம்பியது. அதன் பிறகு உள்ளூர்க்காரர்கள் மட்டும் என்பது வழக்கமாகி, வழக்கம் மெல்ல மெல்ல மதம்போல ஆகிவிட்டது.

சரி, 30 லட்சம் பேரை வைத்துக்கொண்டு உலகத்தோடு எப்படி மோதுவது? இங்கே நம் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது. நூறு மடங்கு பெரிய கூட்டத்தில் தேடினால் நூறு மடங்கு சிறந்த ஆள் கிடைப்பான் என்று மனம் கணக்குப் போடுகிறது. புள்ளியியல் அப்படிச் சொல்வதில்லை.

உயரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரில் ஆண்களின் சராசரி உயரம் 170 செ.மீ., திட்ட விலக்கம், அதாவது உயரங்கள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, 7 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கினால் அவர்களில் மிக உயரமானவர் ஏறக்குறைய 193 செ.மீ. இருப்பார் என்று எதிர்பார்க்கலாம். கூட்டத்தை நூறு மடங்காக்கி ஒரு லட்சம் பேரை நிறுத்தினால் உச்சியில் இருப்பவர் சுமார் 201 செ.மீ. பத்து லட்சம் பேர் என்றால் 204. கூட்டம் தாறுமாறாகப் பெருகுகிறது, உச்சி மட்டும் நத்தைபோல நகர்கிறது. மணி வடிவப் பரவலின் ஓரத்தில் ஆட்களே அரிது என்பதால் அங்கே ஒவ்வொரு படி ஏறவும் முந்தையதைவிட மிகப் பெரிய கூட்டம் தேவைப்படுகிறது.

கால்பந்துத் திறமையை ஸ்கேல் வைத்து அளக்க முடியாதுதான். ஆனாலும் இந்தக் கணக்கின் போக்கு அதற்கும் பொருந்தும். ஊருக்கு ஊர் மைதானமும் பிள்ளைகளைத் தேடிப் போகும் ஆட்களும் இருந்தால், 30 லட்சம் மக்களுக்குள்ளேயே முதல்தர ஆட்டக்காரர்கள் கிடைத்துவிடுவார்கள். உருகுவேயின் மக்கள்தொகையும் 35 லட்சத்தை ஒட்டியதுதான். அது இரண்டு முறை உலகக் கோப்பை வென்றது.

ஆனால் 193க்கும் 201க்கும் நடுவே அந்த 8 செ.மீ. இருக்கிறதே, அதுதான் கோப்பை வெல்பவனையும் நடுவில் நிற்பவனையும் பிரிக்கிறது. 1981, 82இல் இன்னொரு பாஸ்க் கிளப்பான ரியல் சொசியதாத், 1983, 84இல் அத்லெதிக் என நான்கு ஆண்டுகள் தொடர்ந்து லா லிகா பாஸ்க் நாட்டுக்குத்தான் போனது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு அப்போது எல்லா அணியிலும் கட்டுப்பாடு இருந்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த போஸ்மன் தீர்ப்பு, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அந்தக் கட்டுப்பாட்டை உடைத்துவிட்டது. மற்றவர்களின் குளம் ஒரே இரவில் கடலானது. அத்லெதிக்கின் குளம் அப்படியே கிடந்தது. 1984க்குப் பிறகு அவர்கள் லீக் வெல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

குளம் சிறியது என்றால் ஒரு மீனையும் தவறவிடக் கூடாது. பில்பாவோவுக்குப் பக்கத்துக் கிராமமான லெசாமாவில் 1971இல் திறந்த பயிற்சிக்கூடத்தின் வேலையே அதுதான். சுற்றுவட்டாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சின்ன கிளப்புகளோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பத்து வயதில் உள்ளே வருகிறார்கள். கெபாவும் அப்படி வந்தவர்தான். வயதுவாரி அணிகள், பிறகு பில்பாவோ அத்லெதிக் என்ற இரண்டாம் அணி, அதற்கும் மேலே முதல் அணி ஆடும் சான் மாமெஸ் மைதானம்.

சிறுவர் கால்பந்தில் எல்லா நாட்டிலும் காணப்படும் ஒரு கோளாறு உண்டு. வயது வரம்பு பல நாடுகளில் ஜனவரி 1 அன்று தொடங்குவதால், ஜனவரியில் பிறந்த பையனும் டிசம்பரில் பிறந்த பையனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் பளிச்சென்று தெரியும். பயிற்சியாளர் பெரிய பையனைத் திறமைசாலி என்று நினைத்து எடுத்துக்கொள்வார். நல்ல பயிற்சி கிடைப்பதால் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுவான். டிசம்பர்ப் பையன் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போவான். இதற்கு ஒப்பு வயது விளைவு என்று பெயர். உலகச் சந்தையில் வாங்கும் கிளப்புக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை, வேறொருவனை வாங்கிக்கொள்ளும். மூடிய குளத்தில் மீன்பிடிக்கும் கிளப்புக்கு ஒவ்வொரு டிசம்பர்ப் பையனும் நிஜமான இழப்பு. ஆகவே பொறுமை என்பது அங்கே நல்ல குணம் என்பதைவிட, வரவு செலவுக் கணக்கு.

மலர நேரம் பிடிக்கும் என்பதற்கு அரிட்ஸ் அதூரிஸைவிட நல்ல சாட்சி கிடையாது. இளம் வயதில் கிளப் அவரை விட்டுவிட்டது, பிறகு கூப்பிட்டது, பிறகு விற்றது, 2012இல் மூன்றாம் முறையாக மறுபடி சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு 31 வயது. வாழ்க்கையின் மிகச் சிறந்த கோல் கணக்கு அதற்குப் பிறகுதான். 35 வயதில் ஸ்பெயின் தேசிய அணிக்காகக் கோல் அடித்தார். 2019இல், 38 வயதில், பார்சிலோனாவுக்கு எதிராக அந்தரத்தில் படுத்தபடி அவர் உதைத்த பந்தை இன்னும் பில்பாவோவில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆட்டக்காரர்களுக்குத்தான் வேலி, அறிவுக்கு இல்லை. 1930, 31இல் இரண்டு ஆண்டும் லீக்கையும் கோப்பையையும் சேர்த்தே வென்று கொடுத்த பயிற்சியாளர் ஃபிரெட் பென்ட்லண்ட் ஓர் ஆங்கிலேயர். ஜெயித்தால் ஆட்டக்காரர்கள் அவருடைய வட்டத் தொப்பியைப் பிடுங்கி மிதித்துத் துவைப்பார்களாம். பிற்காலத்தில் ஜெர்மனியின் ஹைன்கெஸ், அர்ஜென்டினாவின் பியெல்சா எல்லோரும் வந்து போனார்கள்.

வளர்த்த பிள்ளையைக் கையில் வைத்திருப்பதுதான் கஷ்டம். ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு ஆணைப்படி, ஆட்டக்காரர் இழப்பீடு கட்டி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அதனால் எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு தொகை எழுதியிருக்கும். அதைக் கட்டினால் கிளப்பால் தடுக்க முடியாது. அத்லெதிக் அந்தத் தொகையையே கேடயமாக்கிக்கொண்டது: பேரம் கிடையாது, எழுதியிருப்பதை முழுசாக வை. கிளப்பை விட்டுப் போன ஆட்டக்காரர்களில் 2012இல் ஹாவி மார்டினெஸுக்கு 4 கோடி, 2018 ஜனவரியில் எமெரிக் லபோர்டுக்கு 6.5 கோடி யூரோ இப்படித்தான் வந்தன.

ஆனால் கத்தி மறுபக்கமும் வெட்டும். லபோர்ட் போன கையோடு அத்லெதிக் பக்கத்து ஊர்ப் பரம வைரியான ரியல் சொசியதாத்திடமிருந்து இனிகோ மார்டினெஸை 3.2 கோடி கட்டி எடுத்தது. யாரை வாங்க முடியும் என்பது விற்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் விலை எப்படி இறங்கும்? பணம் குவிந்தாலும் செலவழிக்க இடமில்லாத விநோதம் இது.

இதே ரியல் சொசியதாத் நமக்கு ஓர் இயற்கைப் பரிசோதனையும்கூட. அதே பகுதி, அதே மக்கள், கிட்டத்தட்ட அதே விதி. 1989இல் அயர்லாந்து ஆட்டக்காரர் ஜான் ஆல்ட்ரிட்ஜை வாங்கி அவர்கள் விதியைக் கைவிட்டார்கள். 2007இல் இரு கிளப்பும் விளிம்பில் தொங்கின. கதவைத் திறந்தவர்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். மூடி வைத்தவர்கள் கடைசி நாளில் தப்பினார்கள். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டக் கூடாது. அடுத்த ஆண்டுகளில் ரியல் சொசியதாத் பிரமாதமாக எழுந்தும் வந்தது. வெளியாட்கள் வந்தால் பிழைப்பு நிச்சயம் என்ற வாதம் மட்டும் அன்றைக்கு நிற்கவில்லை.

யார் பாஸ்க் என்ற கேள்விக்கான பதில் நூறாண்டில் நெகிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. இன ஒதுக்கல் என்று வெளியே இருப்பவர்கள் குறைசொன்னதுண்டு. நானும் அந்தச் சந்தேகத்தோடுதான் படிக்க ஆரம்பித்தேன். இன்று கிளப்பின் முகம் வில்லியம்ஸ் சகோதரர்கள். பெற்றோர் கானாவிலிருந்து சஹாரா பாலைவனத்தின் ஒரு பகுதியை நடந்தே கடந்து வந்தவர்கள். அண்ணன் இன்யாகி பிறந்தது பில்பாவோவில், தம்பி நிகோ பிறந்தது பம்ப்லோனாவில். இன்யாகி 2016 முதல் 2023 வரை ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 251 ஆட்டம் ஆடினார். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு. லபோர்ட் பிறந்ததோ பாஸ்க் எல்லைக்கு வெளியே, பிரான்ஸின் ஆஜான் நகரத்தில். பதின்வயதில் லெசாமாவுக்கு வந்து அங்கே வளர்ந்ததால் ஆடத் தகுதி பெற்றார்.

2024 ஏப்ரலில் மயோர்காவை பெனால்டியில் வென்று, 40 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்பெயின் கோப்பையைத் தூக்கினார்கள். ஊர் வழக்கப்படி ஆட்டக்காரர்களை கபாரா என்ற பழைய சரக்குப் படகில் ஏற்றி நெர்வியோன் ஆற்றில் ஊர்வலமாகக் கொண்டுவர, இரு கரையிலும் லட்சக்கணக்கில் ஜனம். படகு அதற்குமுன் கடைசியாக அப்படி ஓடியது 1984இல். அடுத்த ஆண்டு கோடையில் பார்சிலோனா நிகோவுக்கு வலை வீசியது. அவர் 2035 வரை அத்லெதிக்கிலேயே இருப்பதாகக் கையெழுத்துப் போட்டார். முறிவுத் தொகையையும் பாதிக்கு மேல் ஏற்றி எழுதினார்கள். செப்டம்பரில் லபோர்ட்டும் சவூதி கிளப் ஒன்றிலிருந்து திரும்பி வந்து பழைய சட்டையை மாட்டிக்கொண்டார்.